தெரியாமல் செய்ததா, தெரிந்துகொள்ளாமல் செய்ததா?

கேள்வி இது: "மனிதர்கள் ஒருவரையொருவர் வெறுப்பதற்கும், நீதி தவறுவதற்கும், மனசாட்சியை மீறி நடப்பதற்கும் அறியாமைதானே அடிப்படை? அப்படியானால் படிப்பும் தகவலும் பரவப் பரவ இவை தானாகக் குறைந்துவிடாதா? தெரியாமல் தப்பு செய்தவரைக் குற்றவாளி என்று சொல்வது நியாயமா?"

இதை மூன்றாகப் பிரித்துக்கொள்கிறேன். அறியாமை காரணமா என்றால், பாதிக் காரணம். தகவல் பரவினால் தானாகக் குறையுமா என்றால், குறையாது. மூன்றாவது கேள்விதான் கனமானது. அதற்கு எடுத்த எடுப்பில் பதில் சொல்ல முடியாது, கடைசியில் வருகிறேன்.

முதலில் வெறுப்பு. ஒரு கூட்டத்தைப் பற்றி எதுவுமே தெரியாதவருக்கு அவர்களைப் பற்றி அபிப்பிராயமும் இருக்கக் கூடாது, இல்லையா? யூஜின் ஹார்ட்லி என்ற அமெரிக்க உளவியலாளர் இதைச் சோதித்தார். கல்லூரி மாணவர்களிடம் பல இன, நாட்டு மக்களின் பெயர்களைக் கொடுத்து, இவர்களை எவ்வளவு நெருக்கமாகச் சேர்த்துக்கொள்வீர்கள் என்று கேட்டார். பட்டியலில் டானிரியர், பிரீனியர் போன்ற பெயர்களும் இருந்தன. அப்படி யாரும் உலகத்தில் கிடையாது. அவை இட்டுக்கட்டிய பெயர்கள். மாணவர்களில் பலர் இந்த இல்லாத மக்களையும் எட்டியே நிறுத்தினார்கள். 1946இல் வெளியான அந்த ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. நிஜமான சிறுபான்மையினரை விலக்கியவர்கள்தான் பெரும்பாலும் கற்பனை மக்களையும் விலக்கினார்கள். டானிரியர்களைப் பற்றிச் சரியான தகவல் கொடுத்து இவர்களைத் திருத்த வழியே இல்லை, ஏனென்றால் தகவல் கொடுக்க டானிரியர்களே இல்லை. வெறுப்பு அந்தப் பெயரிலிருந்து வரவில்லை, பதில் சொன்னவரிடமிருந்து வந்தது.

வேறொரு பழைய ஆய்வு இதையே மறுபக்கத்திலிருந்து காட்டுகிறது. 1930களின் தொடக்கத்தில் ரிச்சர்ட் லாப்பியர் என்ற சமூகவியலாளர் ஓர் இளம் சீனத் தம்பதியுடன் அமெரிக்காவைக் காரில் சுற்றினார். சீனர்கள்மீது அங்கே கடும் வெறுப்பு இருந்த காலம் அது. விடுதி, உணவகம் என்று 251 இடங்களில் நுழைந்தார்கள். ஒரே ஓர் இடத்தில்தான் மறுத்தார்கள். பல மாதங்கள் கழித்து, சீன விருந்தினர்களை ஏற்பீர்களா என்று அதே இடங்களுக்கு எழுதிக் கேட்டார் லாப்பியர். பதில் போட்டவர்களில் 10க்கு 9 பேருக்கு மேல் மாட்டோம் என்றார்கள். கடிதத்துக்குப் பதில் எழுதியவரும் வாசலில் வரவேற்றவரும் ஒரே ஆள்தானா என்று சொல்ல முடியாது, அது இந்த ஆய்வின் ஓட்டை. இருந்தாலும், கடிதத்தில் இருந்தது ஒரு பொதுப்பெயர், வாசலில் நின்றதோ நல்ல ஆங்கிலம் பேசிய, சிரித்த முகமுள்ள இரண்டு பேர் என்ற வித்தியாசம் சாதாரணமானதல்ல.

சரி, எண்களையாவது திருத்தலாமே என்று தோன்றும். 2014இல் இப்சோஸ் நிறுவனம் பல நாடுகளில் ஒரு கருத்துக்கணிப்பு நடத்தியது. உங்கள் நாட்டில் 100 பேரில் எத்தனை பேர் முஸ்லிம்கள் என்று கேட்டதற்கு, பிரான்ஸில் சராசரிப் பதில் 31. அப்போதைய உண்மைக் கணக்கு 8. பிரிட்டனில் 21 என்றார்கள், உண்மை 5. அமெரிக்காவில் 15 என்றார்கள், உண்மை 1. இந்த மிகைக் கணக்கால்தான் பயம் வருகிறது என்று நினைத்தால், கணக்கைத் திருத்தினால் பயம் போக வேண்டும். அமெரிக்காவில் குடியேறிகள் விஷயத்தில் மூன்று அரசியல் அறிவியலாளர்கள் இதைச் செய்து பார்த்து 2019இல் வெளியிட்டார்கள். சரியான எண்ணைச் சொன்னதும் மக்கள் தங்கள் கணக்கைத் திருத்திக்கொண்டார்கள். குடியேறிகளைப் பற்றிய நிலைப்பாடு மட்டும் ஏறக்குறைய அப்படியே இருந்தது. அப்படியென்றால் பெரிய எண்தான் பயத்தைக் கொண்டுவந்தது என்று சொல்ல முடியாது. பயம்தான் எண்ணைப் பெரிதாக்கியிருக்கிறது என்று நினைக்க இடமிருக்கிறது.

பிறகு எதனால்தான் குறைகிறது? ஒருவரோடு ஒருவர் பழகுவதால் என்பது அமெரிக்க உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் 1954இல் முன்வைத்த கருத்து. சும்மா எதிர்ப்படுவது போதாது. சம அந்தஸ்தில், பொதுவான ஒரு நோக்கத்துக்காக, மேலிடத்தின் ஆதரவோடு சேர்ந்து இயங்க வேண்டும் என்றார். தாமஸ் பெட்டிக்ரூவும் லிண்டா ட்ராப்பும் 515 ஆய்வுகளைத் தொகுத்து, பழக்கம் கூடக் கூட வெறுப்பு குறைவாக இருப்பதை 2006இல் காட்டினார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அவர்கள் 2008இல் கேட்ட அடுத்த கேள்வி: பழகும்போது உள்ளே என்ன நடக்கிறது? மூன்று பாதைகளை ஒப்பிட்டார்கள். மற்றவர்களைப் பற்றிய அறிவு கூடுவது ஒன்று, அவர்கள் முன்னால் வரும் பதற்றம் தணிவது இன்னொன்று, அவர்கள் இடத்தில் நம்மை வைத்துப் பார்க்க முடிவது மூன்றாவது. மூன்றிலும் மிகப் பலவீனமானது அறிவு. பதற்றம் தணிவதும் மனம் இளகுவதும்தான் அதிக வேலை செய்தன. பாடப்புத்தகத்தில் ஓர் அத்தியாயம் சேர்த்தால் வெறுப்பு ஒழியும் என்று நம்புகிற கல்வித் துறையினர் இதைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்கலாம்.

ஆனால் ஒரு வகைத் தகவல் வேகமாக வேலை செய்கிறது: பக்கத்தில் இருப்பவர் உண்மையில் என்ன நினைக்கிறார் என்ற தகவல். சவூதி அரேபியாவின் ரியாத்தில் திருமணமான இளைஞர்களிடம், பெண்கள் வெளியே வேலைக்குப் போவதை ஏற்கிறீர்களா என்று தனித்தனியாகக் கேட்டார்கள். பெரும்பான்மையினர் ஏற்பதாகச் சொன்னார்கள். மற்ற ஆண்கள் என்ன சொல்லியிருப்பார்கள் என்றால், ஆதரவை மிகக் குறைத்து மதிப்பிட்டார்கள். உண்மை எண்ணிக்கையைச் சொன்னதும், மனைவியின் பெயரை வேலைவாய்ப்புச் சேவையில் பதிந்தவர்கள் கூடினார்கள். மாதங்கள் கழித்துப் பார்த்தபோது, அந்த மனைவிகள் வேலைக்கு விண்ணப்பித்ததும் நேர்காணலுக்குப் போனதும் கூடியிருந்தன. 2020இல் வெளியான ஆய்வு இது. ஒவ்வொருவரும் மற்றவர்களுக்குப் பயந்து கடைப்பிடித்த வழக்கம், அந்த மற்றவர்களுக்கும் பிடிக்காத வழக்கமாக இருந்திருக்கிறது.

வெறுப்பு சட்டமாக உட்கார்ந்துவிட்டால் நிலைமை வேறு. தொழுநோய்க்கு ஒரு கிருமிதான் காரணம் என்று நார்வே மருத்துவர் ஹான்சன் 1873இல் கண்டுபிடித்தார். எளிதில் தொற்றும் நோயல்ல இது. மனிதர்களில் மிகப் பெரும்பாலோருக்கு இயல்பாகவே எதிர்ப்பு உண்டு. 1940களில் மருந்து வந்தது. 1980களின் தொடக்கத்தில் உலகச் சுகாதார நிறுவனம் கூட்டு மருந்துச் சிகிச்சையைப் பரிந்துரைத்தது. ஜப்பானில் நடந்ததைப் பாருங்கள். மருந்து கைக்கு வந்த பிறகு, 1953இல், நோயாளிகளைக் காப்பகங்களில் ஒதுக்கிவைக்கும் பழைய சட்டத்தைப் புதுப்பித்துப் புதுச் சட்டம் போட்டார்கள். உள்ளே இருந்தவர்கள் திருமணம் செய்துகொள்ளக் கருத்தடை அறுவை செய்துகொள்ள வேண்டியிருந்தது, கர்ப்பங்கள் கலைக்கப்பட்டன. அந்தச் சட்டம் 1996இல்தான் நீக்கப்பட்டது. 2001இல் குமமோட்டோ மாவட்ட நீதிமன்றம், அது அரசியல் சட்டத்துக்கு விரோதமானது என்று தீர்ப்பளித்தது. அரசு மேல்முறையீடு செய்யவில்லை.

இதை அறியாமை என்று சொல்லலாமா? தெருவில் போகிறவருக்குத் தெரியாமல் இருந்திருக்கலாம். சுகாதார அதிகாரிகளுக்கு எப்படித் தெரியாமல் போகும்? காப்பகத்துக்குள் இருந்தவர்களுக்கு நன்றாகவே தெரியும். அவர்கள் பல ஆண்டுகள் போராடிக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் விலக்கப்பட்டவர் சொல்கிற சாட்சிக்கு எடை குறைவு. ஒருவரை விலக்கும்போது அவருடைய உடலோடு அவருக்குத் தெரிந்ததும் வெளியே போய்விடுகிறது, அதனால் விலக்கியவர்களின் அறியாமை கலையாமல் இருக்கிறது. தகவல் இருந்தும் எந்த நாற்காலிக்குப் போய்ச் சேரவில்லை என்று தேடினால், போய்ச் சேர்ந்தால் யாருக்கு வேலையும் செலவும் கூடியிருக்கும் என்பதும் கூடவே தெரிய வரும்.

தெரிந்துகொள்ளாமல் இருப்பதில் ஆதாயம் இருக்கிறது என்பதை ஒரு சிறிய சோதனை மிகச் சுத்தமாகக் காட்டியது. ஜேசன் டானாவும் இரு சகாக்களும் 2007இல் வெளியிட்டது. உங்களுக்கு இரண்டு வாய்ப்புகள். முதலாவதில் உங்களுக்கு 6 டாலர், முகம் தெரியாத இன்னொருவருக்கு 1 டாலர். இரண்டாவதில் ஆளுக்கு 5. இப்படி வெளிப்படையாகக் கேட்டபோது ஏறக்குறைய நான்கில் மூன்று பேர் ஆளுக்கு 5 என்பதைத் தேர்ந்தார்கள். மனிதர்கள் நல்லவர்கள்தான் என்று சொல்லத் தோன்றும். அப்புறம் ஒரு சின்ன மாற்றம் செய்தார்கள். உங்களுக்கு 6 அல்லது 5 என்பது மட்டும் தெரியும், அந்த இன்னொருவருக்கு எந்த வாய்ப்பில் எவ்வளவு என்பது மறைக்கப்பட்டிருக்கும். ஒரு பொத்தானை அழுத்தினால் தெரிந்துவிடும், செலவு எதுவும் இல்லை. பாதிக்குச் சற்றுக் குறைவானவர்கள் பொத்தானை அழுத்தவே இல்லை. 6 டாலரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அடுத்தவருக்குத் தீங்கு செய்கிறோம் என்று தெரிந்தால் செய்யமாட்டார்கள், அதனால் தெரிந்துகொள்ளவில்லை.

எனக்கு இதில் ஒரு நுணுக்கம் முக்கியமாகத் தோன்றுகிறது. இவர்கள் ஈவிரக்கமில்லாதவர்கள் அல்ல. ஈவிரக்கமே இல்லாதவருக்குப் பொத்தானைத் தவிர்க்கவேண்டிய அவசியம் கிடையாது, அழுத்திப் பார்த்துவிட்டு 6ஐ எடுத்துக்கொள்ளலாம். மனசாட்சி உள்ளவருக்குத்தான் அறியாமை தேவைப்படுகிறது.

சட்டத்துக்கு இந்தத் தந்திரம் பழைய சங்கதி. 1976இல் ஓர் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் விசாரித்த ஜுவல் வழக்கில், மெக்சிகோ எல்லையைத் தாண்டிக் கார் ஓட்டி வந்தவரின் வண்டியில் ஒரு ரகசிய அறையும், அதில் 110 பவுண்டு கஞ்சாவும் இருந்தன. அப்படி ஓர் அறை இருப்பது அவருக்குத் தெரியும், உள்ளே என்ன என்றுதான் பார்க்கவில்லை. பார்க்காமல் இருந்ததே வேண்டுமென்றுதான் என்றால் அது தெரிந்து செய்ததற்குச் சமம் என்றது நீதிமன்றம். 2011இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் விசாரித்த இன்னொரு வழக்கு, எண்ணெயில் வறுக்கும் மின்சாதனம் ஒன்றின் காப்புரிமை பற்றியது. ஒரு நிறுவனம் போட்டியாளரின் சாதனத்தை வாங்கி, வெளித்தோற்றத்தைத் தவிர மற்றதை நகலெடுத்தது. பிறகு யாருடைய காப்புரிமையாவது மீறப்படுகிறதா என்று ஒரு வழக்கறிஞரிடம் கருத்துக் கேட்டது. நகலெடுத்த விஷயத்தை மட்டும் அவரிடம் சொல்லவில்லை. அவர் தேடிப் பார்த்துவிட்டு எதுவும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார். நீதிமன்றம் ஏமாறவில்லை. உண்மை அதுவாகத்தான் இருக்கும் என்ற பலமான எண்ணம் இருக்க வேண்டும், அதை உறுதிப்படுத்திக்கொள்வதைத் தவிர்க்க வேண்டுமென்றே ஏதாவது செய்திருக்க வேண்டும், இந்த இரண்டும் இருந்தால் தெரியாது என்ற வாதம் எடுபடாது என்றது.

அறியாமையை உற்பத்தி செய்து விற்றவர்களும் உண்டு. அமெரிக்க சிகரெட் நிறுவனங்கள் 1954 ஜனவரியில் 400க்கும் மேற்பட்ட செய்தித்தாள்களில் ஒரு கூட்டு விளம்பரம் கொடுத்தன. புகைப்பதற்கும் புற்றுநோய்க்கும் தொடர்பு நிரூபிக்கப்படவில்லை, நாங்களே ஆராய்ச்சிக்கு உதவுவோம் என்பது அதன் சாரம். 1969இல் ஒரு நிறுவனத்தின் உள்குறிப்பு, சந்தேகம்தான் நாம் விற்கும் பொருள் என்று பச்சையாகவே சொன்னது. 2006இல் நீதிபதி கிளாடிஸ் கெஸ்லர், பல பத்தாண்டுகள் மக்களை ஏமாற்றியதாக அந்த நிறுவனங்கள்மீது தீர்ப்பளித்தார். இந்த வகையில் வாங்கிய அறியாமைக்காகப் புகைத்தவரைக் குறை சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

இனி நீதிமன்றத்துக்கு வருவோம். இங்கே பாமரனின் அறியாமையைவிட நிபுணரின் அறியாமைதான் ஆபத்து. சிலப்பதிகாரத்தில் கோவலன் கொலையுண்ட கதை எல்லோருக்கும் தெரியும். அதில் அரசனின் அவசரத்தைத்தான் நாம் பெரும்பாலும் பேசுகிறோம். ஊடல்கொண்ட அரசியைச் சமாதானப்படுத்தப் போகிற வழியில் பொற்கொல்லன் சொன்னதைக் கேட்டு, சிலம்பு கையில் இருந்தால் கொன்று கொண்டுவாருங்கள் என்று சொல்லிவிட்டான். ஆனால் நடுவில் ஒரு காட்சி இருக்கிறது. போன காவலர்கள் கோவலனைப் பார்த்துவிட்டு, இவன் கள்வனாகத் தெரியவில்லையே என்று தயங்குகிறார்கள். அப்போது பொற்கொல்லன் களவு நூல் அறிந்தவனைப் போல ஒரு விரிவுரை ஆற்றுகிறான். மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என்று கள்வர்களுக்கு எட்டுத் துணைகள் உண்டு, வெளித்தோற்றத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள் என்கிறான். அவர்கள் கண்ணால் கண்டதை அந்த நிபுணப் பேச்சு அடித்துப்போட்டது. கடைசியில் ஒருவன் வாளை வீசினான். கோவலனை யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. சிலம்புக்குள் இருப்பது முத்தா மாணிக்கமா என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துகொண்டிருக்கலாம். கண்ணகி வந்து உடைத்தபோது தெரிந்தது.

இருபதாம் நூற்றாண்டு நீதிமன்றங்களில் இதே காட்சி வெள்ளைக் கோட்டோடு வந்தது. இங்கிலாந்தில் சாலி கிளார்க் என்ற வழக்கறிஞரின் இரண்டு கைக்குழந்தைகள் 1996லும் 1998லும் அடுத்தடுத்து இறந்தன. அவரே கொன்றார் என்று வழக்கு. பெயர்பெற்ற குழந்தை மருத்துவர் ராய் மெடோ சாட்சியம் சொன்னார்: இப்படிப்பட்ட குடும்பத்தில் ஒரு குழந்தை காரணமில்லாமல் திடீரென்று இறப்பதற்கான வாய்ப்பு 8,543இல் 1. இரண்டும் அப்படி இறப்பதற்கு அதை அதனாலேயே பெருக்க வேண்டும், சுமார் 7 கோடியே 30 லட்சத்தில் 1. 1999இல் ஆயுள் தண்டனை. அந்தப் பெருக்கல் தப்பு. இரண்டு நிகழ்வுகளுக்கும் தொடர்பே இல்லை என்றால்தான் பெருக்கலாம். ஒரே வீடு, ஒரே பெற்றோர், ஒரே மரபணு வழி என்றிருக்கும்போது தொடர்பில்லை என்று எப்படிச் சொல்வது? அதைவிடப் பெரிய தப்பு, அந்த எண்ணைக் கேட்டவர்கள் அவர் நிரபராதியாக இருக்கும் வாய்ப்பே 7 கோடியில் 1 என்று புரிந்துகொள்ள இடம் கொடுத்தது. ஒரு தாய் தன் இரண்டு குழந்தைகளையும் கொல்வதும் அரிதினும் அரிதுதானே. அந்த அரிதையும் இந்த அரிதையும் ஒப்பிடாமல் ஓர் எண்ணை மட்டும் சொல்வதில் பொருளில்லை. அரச புள்ளியியல் சங்கம் 2001இல் இதைப் பகிரங்கமாகக் கண்டித்தது. இரண்டாவது குழந்தையின் உடலில் நோய்க்கிருமி இருந்ததைக் காட்டிய பரிசோதனை முடிவை, பிரேதப் பரிசோதனை செய்தவர் வெளியிடாமல் வைத்திருந்ததும் பிறகு தெரிந்தது. 2003இல் விடுதலை. 2007இல் அவர் இறந்துவிட்டார்.

டெக்சாஸ் வழக்கு இதைவிட மோசம். 1991 டிசம்பரில் கோர்சிகானா என்ற ஊரில் ஒரு வீடு எரிந்து மூன்று சிறுமிகள் இறந்தார்கள். தந்தை கேமரன் டாட் வில்லிங்ஹாம் தீ வைத்ததாகக் குற்றச்சாட்டு. தரையில் குட்டை குட்டையாகக் கருகிய தடங்கள் இருந்தன, எரிபொருள் ஊற்றியிருக்கிறார்கள் என்றார்கள் தீ விசாரணையாளர்கள். ஜன்னல் கண்ணாடி சிலந்திவலைபோல் விரிசல் விட்டிருந்தது, அதுவும் எரிபொருளின் அடையாளம் என்றார்கள். இவையெல்லாம் மூத்தவர் இளையவருக்குச் சொல்லிக் கொடுத்து வந்த தொழில் ஞானம். பல பத்தாண்டுகளாகச் சொல்லிவந்தார்கள், பல பேரைச் சிறைக்கு அனுப்பினார்கள், ஆனால் முறையாக எரித்துப் பார்த்தவர்கள் அபூர்வம்.

எரித்துப் பார்த்தவர்களும் இருந்தார்கள். அதே 1991இல் புளோரிடாவின் ஜாக்சன்வில்லில் இதேபோன்ற ஒரு வழக்கு. அரசுத் தரப்பின் நிபுணரான ஜான் லென்டினி, எரிந்த வீட்டைப் போலவே இருந்த, இடிக்கவிருந்த பக்கத்து வீட்டில் அதேபோல் சாமான்களைப் போட்டு, எரிபொருள் எதுவும் இல்லாமல் தீ வைத்துப் பார்த்தார். 5 நிமிடத்துக்குள் கூடம் முழுவதும் ஒரேயடியாகப் பற்றிக்கொண்டது. தரையில் அதே குட்டைத் தடங்கள். அறை முழுவதும் பற்றிவிட்டால் தரையும் எரியும், அதற்கு யாரும் எதையும் ஊற்றத் தேவையில்லை. அரசுத் தரப்பு வழக்கைக் கைவிட்டது. தன் கட்சிக்கு எதிராகப் போகக்கூடிய சோதனையைத் தானே செய்தார் என்பதற்காக லென்டினிமேல் எனக்கு மரியாதை உண்டு. விரிசல் கண்ணாடியின் மர்மமும் பிறகு அவிழ்ந்தது. சூடான கண்ணாடிமேல் தீயணைப்புத் தண்ணீர் படும்போதுதான் அப்படி விரிகிறது.

இவ்வளவும் ஒரு மாநிலத்தில் தெரிந்துகொண்டிருந்த காலத்தில், 1992இல், இன்னொரு மாநிலத்தில் வில்லிங்ஹாமுக்கு மரண தண்டனை விதித்தார்கள். 2004 பிப்ரவரியில் நிறைவேற்றினார்கள். அதற்குச் சில நாட்கள் முன்பு ஜெரால்ட் ஹர்ஸ்ட் என்ற வேதியியலாளர், தீவைப்பு என்பதற்கான ஒவ்வோர் ஆதாரத்தையும் மறுத்து எழுதிய அறிக்கை மன்னிப்பு வாரியத்துக்கும் ஆளுநர் அலுவலகத்துக்கும் போயிருந்தது. 2009இல் மாநிலத் தடயவியல் ஆணையத்துக்காக ஆராய்ந்த நிபுணரும், தீவைப்பு என்ற முடிவுக்கு அறிவியல் அடிப்படை இல்லை என்றே எழுதினார். அந்தத் தீ எப்படிப் பிடித்தது என்று இன்றும் யாருக்கும் தெரியாது. தெரியாது என்று விசாரணையாளர்கள் அன்றே சொல்லியிருந்தால் போதும்.

இவ்வளவு சொன்னதால் அறியாமை எப்போதும் கெட்டது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நீதிக்குச் சில இடங்களில் அது தேவை. சாட்சி அடையாளம் காட்டும் அணிவகுப்பை நடத்தும் அதிகாரிக்கு, வரிசையில் சந்தேகநபர் யார் என்று தெரியாமல் இருப்பது நல்லது. தெரிந்தால் அவர் முகமே காட்டிக்கொடுத்துவிடும். குற்றம் சாட்டப்பட்டவரின் பழைய குற்றப் பதிவை ஜூரிகளிடமிருந்து பொதுவாக மறைப்பதும் இதற்காகத்தான். அமெரிக்கத் தத்துவவாதி ஜான் ரால்ஸ் 1971இல் இதை ஒரு முழுக் கோட்பாடாகவே ஆக்கினார்: பிறக்கப்போவது ஏழையாகவா பணக்காரராகவா, எந்த இனத்தில், எந்தத் திறமையோடு என்று தெரியாதபடி மறைக்கும் ஒரு திரைக்குப் பின்னால் இருந்துகொண்டு சமூகத்தின் விதிகளை எழுதுங்கள் என்றார். பலரும் கவனிக்காத ஒன்று, ரால்ஸின் அந்தத் திரைக்குப் பின்னால் இருப்பவர்கள் அறிவிலிகள் அல்ல. பொருளாதாரம், மனித இயல்பு, சமூகம் இயங்கும் விதம் எல்லாம் அவர்களுக்குத் தெரியும். தங்களைப் பற்றி மட்டும்தான் தெரியாது. நடைமுறையில் நம்மிடம் இருப்பது இதற்குத் தலைகீழ். நம் நிலைமை அங்குலம் அங்குலமாகத் தெரியும், மற்றவர்கள் வாழும் விதம் தெரியாது. அந்த நிலையில் விதி எழுதுகிறோம்.

இப்போது மூன்றாவது கேள்வி. தெரியாமல் செய்தவர் குற்றவாளியா? அரிஸ்டாட்டில் இதற்கு ஒரு நல்ல தொடக்கம் கொடுத்தார். அறியாமைக்கே அந்த ஆள் பொறுப்பு என்றால், அந்த அறியாமைக்காகவே தண்டிக்கலாம் என்றார். குடித்துவிட்டுக் குற்றம் செய்தால் இரட்டைத் தண்டனை என்ற சட்டத்தை உதாரணம் காட்டினார். குடிக்காமல் இருப்பது அவன் கையில் இருந்ததே என்பது வாதம். சட்டம் தெரியாது என்பது சமாதானமாகாது என்ற விதியும் பெரும்பாலும் சரிதான், இல்லாவிட்டால் படிக்காமல் இருப்பவருக்குப் பரிசு கொடுத்தது போலாகும். ஆனால் அதற்கும் எல்லை உண்டு. முன்பு குற்றம் நிரூபிக்கப்பட்டவர்கள் 5 நாளுக்கு மேல் தங்கினால் காவல்துறையில் பதிவு செய்ய வேண்டும் என்று லாஸ் ஏஞ்சலஸில் ஒரு விதி இருந்தது. பதிவு செய்யாத ஒரு பெண் தண்டிக்கப்பட்டார். 1957இல் லாம்பர்ட் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அவர் எதையும் செய்யவில்லை, சும்மா வசித்துக்கொண்டிருந்தார். அப்படி ஒரு கடமை இருக்கும் என்று விசாரிக்கத் தோன்றுவதற்கே அங்கே எந்தக் காரணமும் இல்லை.

இதையெல்லாம் வைத்து நான் பார்ப்பது இரண்டைத்தான். தெரிந்துகொள்ள அவருக்கு எவ்வளவு செலவாகியிருக்கும்? தெரிந்துகொள்ளாததன் விலையை யார் கொடுத்தார்? லாம்பர்ட்டுக்குக் கேட்கவே தோன்ற வழியில்லை, விலை கொடுத்தவரும் அவரே. அவரைத் தண்டிப்பது அநியாயம். பொத்தானை அழுத்தாதவருக்குச் செலவு ஒன்றுமில்லை, விலை கொடுத்தது இன்னொருவர். அது குற்றம்தான், சட்டப் புத்தகத்தில் இல்லாவிட்டாலும்.

கோர்சிகானாவுக்கு இந்த அளவுகோலைப் போட்டால், 1991இல் அந்த வீட்டுத் தரையைப் பார்த்துத் தீவைப்பு என்று சொன்ன விசாரணையாளர்களை நான் பாதி மன்னிப்பேன். அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் அப்படித்தான் கற்றுக்கொடுத்தார்கள், மாற்றுக் கருத்து அப்போதுதான் முளைத்துக்கொண்டிருந்தது. மீதிப் பாதி, தெரியாததைத் தெரிந்ததாக ஒரு மனிதனின் உயிர்மேல் சத்தியம் செய்ததற்கு. 2004இல் அந்த அறிக்கை கைக்கு வந்தும் தண்டனையை நிறுத்தாதவர்களுக்கு அந்தப் பாதி மன்னிப்பும் கிடையாது. அவர்கள் தேடிப் போக வேண்டியிருக்கவில்லை, அது அலுவலகத்துக்கே வந்தது. தள்ளிவைத்திருந்தால் ஆகியிருக்கும் செலவு சில வாரங்கள். டெக்சாஸ் 2013இல் ஒரு சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. ஒருவரைத் தண்டிக்கக் காரணமான அறிவியல் பிற்காலத்தில் மாறிவிட்டால், அதையே அடிப்படையாக வைத்து அவர் மறுபடி நீதிமன்றத்துக்குப் போகலாம்.